இக்னோவில் சமூகவியலும் சர்வதேச உறவுகளும்: எதற்குப் பணம் கட்டலாம், எதைச் சும்மா எடுத்துப் படிக்கலாம்

வேலையில் இருந்துகொண்டே சமூகவியலும் சர்வதேச உறவுகளும் முறையாகப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய நடைமுறையான பதில் இக்னோ. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. 2021-இல், உயர்கல்வி நிறுவனங்களைத் தரமிடும் நாக் அமைப்பின் ஏ++ தரம் பெற்றது. அஞ்சல்வழிப் பட்டம் செல்லுமா என்ற பழைய சந்தேகத்துக்கும் இப்போது இடமில்லை. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவாக அறிவித்துவிட்டது.

இங்கே பார்க்கப்போவது இரண்டு எம்.ஏ. படிப்புகள். ஒன்று எம்.எஸ்.ஓ. என்ற குறியீடு கொண்ட சமூகவியல். மற்றது எம்.பி.எஸ். என்ற அரசியல் அறிவியல். சர்வதேச உறவுகள் இதன் வயிற்றுக்குள் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைத் தொடர 2022 முதல் மானியக் குழுவே அனுமதிக்கிறது என்பதால், இரண்டிலும் சேர்ந்துவிடலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ஒன்றில் சேருங்கள். மற்றதன் புத்தகங்கள் இக்னோவின் மின்நூலகமான இ-ஞானகோஷ் தளத்தில் முழுவதுமாக இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இறக்கிப் படியுங்கள். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஒவ்வொரு எம்.ஏ.வும் 64 கிரெடிட். இக்னோவின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆக மொத்தம் 1,920 மணி நேரம், ஆண்டுக்கு 960, வாரத்துக்குப் பதினெட்டரை மணி நேரம். இரண்டையும் எடுத்தால் வாரத்துக்கு 37 மணி நேரம் ஆகிறது. அது இன்னொரு முழுநேர வேலை. நடைமுறையில் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடிக்கலாம். அதற்கும் குறைந்தால் தேர்ச்சி வரும், படிப்பு வராது. குறைந்தபட்சம் இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று காலம் கொடுத்திருக்கிறார்கள். குடும்பமும் வேலையும் உள்ளவர்கள் மூன்று ஆண்டு என்று மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சமூகவியல்: எது பலம், எது இடறும்

முதலாண்டில் நான்கு கட்டாயத் தாள்கள், ஒவ்வொன்றும் 8 கிரெடிட். எம்.எஸ்.ஓ.-001 கோட்பாடுகளும் கருத்தாக்கங்களும், 002 ஆய்வு முறையியல், 003 வளர்ச்சியின் சமூகவியல், 004 இந்தியாவில் சமூகவியல்.

இவற்றில் 004-தான் கட்டிய பணத்துக்கு முழு மதிப்பு தரும் புத்தகம். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919-இல் சமூகவியல் துறை தொடங்கிய காலத்திலிருந்து ஆரம்பித்து, சாதியைக் காலனிய அதிகாரிகள் எப்படிப் பார்த்தார்கள், சமூகவியலாளர் குர்யே எப்படிப் பார்த்தார், பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் எங்கே வேறுபட்டார், குர்யேயின் மாணவர் எம்.என். ஸ்ரீநிவாஸ் ஏன் கிராமத்துக்குப் போய் உட்கார்ந்தார், அம்பேத்கர் இவர்கள் எல்லோரிடமிருந்தும் எப்படி விலகி நிற்கிறார் என்று வரிசையாகக் கொண்டுபோகிறது. தமிழ் வாசகருக்கு இந்தத் தாளில் ஒரு தனி அனுகூலம் உண்டு. இந்தியச் சமூகவியலின் பெரிய விவாதங்களில் பல நம் ஊர்களை வைத்தே நடந்தவை. சாதி என்பது தூய்மை, தீட்டு என்ற எதிர்நிலையின் மேல் நிற்கிறது என்று வாதிட்ட துய்மோன் 1949-50-இல் களப்பணி செய்தது பிரமலைக் கள்ளர் மத்தியில். சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கியதை ஆந்த்ரே பெத்தேய் கண்டது தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில். கேத்லீன் கஃப் நில உறவுகளை ஆராய்ந்ததும் அதே தஞ்சை மண்ணில்தான். விடைத்தாளில் இந்த இடங்களைப் பெயர் சொல்லி எழுதுபவர், கோட்பாட்டை மட்டும் ஒப்பிப்பவரைவிட எப்போதும் ஒரு படி மேலே நிற்பார். அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையின் மையம் அகமணம், அதாவது தன் சாதிக்குள்ளேயே மணம் செய்வது, என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். துய்மோனை விமர்சிக்கச் சொல்லும் கேள்விக்கு அதைவிடக் கூர்மையான தொடக்கம் கிடையாது.

001 கடினமான புத்தகம். மார்க்ஸ், வெபர், பார்சன்ஸ், மெர்ட்டன் எல்லோரும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இளங்கலையில் சமூகவியல் படிக்காதவர்கள் நேராக இதைத் திறந்தால் முதல் மாதத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது. இக்னோவின் இளங்கலைச் சமூகவியல் புத்தகங்களும் அதே இ-ஞானகோஷில் உள்ளன. அவற்றில் மார்க்ஸ், துர்கைம், வெபர் மூவரைப் பற்றிய பகுதிகளை மட்டும் மூன்று வாரத்தில் முடித்துவிட்டு 001-க்கு வந்தால், திணறிய அதே பக்கங்கள் பிடிபடத் தொடங்கும். இது சுற்றுவழியாகத் தோன்றலாம்; உண்மையில் நேரம் மிச்சம்.

002-இல் பயமுறுத்துவது புள்ளியியல். சராசரி, இடைநிலை, ஒட்டுறவு, கருதுகோள் சோதனை என்று வரும்போது கலைப்பிரிவில் படித்தவர்கள் அந்தப் பகுதியையே மடித்து வைத்துவிடுகிறார்கள். அதைத் தவிர்த்தும் தேர்ச்சி பெறலாம்தான். ஆனால் பிற்பாடு ஆய்வுக்குப் போக நினைப்பவர்களுக்கு உருப்படியாகக் கைகொடுக்கப் போவது அந்தப் பகுதிதான். இந்தப் படிப்பின் உண்மையான குறையும் இங்கேதான் இருக்கிறது. முறையியல் முழுவதும் காகிதத்தில் முடிந்துவிடுகிறது. கட்டாயக் களப்பணி இல்லை. நேர்காணல் எடுப்பது எப்படி என்று படித்த ஒருவர் ஒரே ஒரு நேர்காணல்கூட எடுக்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். ஆகவே நீங்களாகவே ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவிலோ வேலையிடத்திலோ பத்துப் பேரிடம் ஒரே வினாப்பட்டியலைக் கேட்டு, பதில்களை அட்டவணையாக்கி, இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். கேள்வியின் சொற்களைக் கொஞ்சம் மாற்றினாலே பதில் மாறுவது கண்ணுக்கு முன்னால் தெரியும். நம்பகத்தன்மை, ஏற்புடைமை பற்றிய அத்தியாயங்கள் அதற்குப் பிறகுதான் உயிர் பெறும்.

003 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நவீனமயமாதல், சார்புநிலைக் கோட்பாடு, மனித வளர்ச்சி என்று தெளிவாக எழுதப்பட்ட புத்தகம்; மதிப்பெண் எடுக்க எளிது.

இரண்டாம் ஆண்டு விருப்பத் தாள்களில் கல்வி, மதம், நகரம் ஆகியவற்றின் சமூகவியல் இருக்கிறது. சர்வதேச உறவுகளிலும் ஆர்வம் உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியது எம்.எஸ்.ஓ.இ.-002, புலம்பெயர் சமூகங்கள் பற்றிய தாள். கூடவே அரசியல் அறிவியலின் எம்.பி.எஸ்.-003, இந்திய ஜனநாயகமும் வளர்ச்சியும், இங்கேயும் விருப்பத் தாளாக வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்தால் சமூகவியல் பட்டத்துக்குள்ளேயே அரசியலின் வாசல் திறந்துவிடும்.

சர்வதேச உறவுகள்: புத்தகம் நிற்கும் இடமும் உலகம் நிற்கும் இடமும்

எம்.பி.எஸ். முதலாண்டிலும் நான்கு கட்டாயத் தாள்கள்: 001 அரசியல் கோட்பாடு, 002 சர்வதேச உறவுகள், 003 இந்திய ஜனநாயகம், 004 ஒப்பீட்டு அரசியல். இரண்டாம் ஆண்டில் 32 கிரெடிட்டுக்கு விருப்பத் தாள்கள். தேர்வுக்கு வைத்திருக்கும் பட்டியல் நீளமானது: இந்தியாவும் உலகமும், அமைதியும் மோதலும், இந்தியச் சமூக இயக்கங்கள், லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா, கனடா. சர்வதேச உறவுகளை முதன்மையாகக் கருதுபவர்கள் எம்.பி.எஸ்.இ.-001 (இந்தியாவும் உலகமும்), 006 (அமைதியும் மோதலும்) இரண்டையும் விடக் கூடாது. 007, சமூக இயக்கங்கள் பற்றியது. சமூகவியலுக்குப் பாலம் அது. நாடு வாரியான தாள்களில் லத்தீன் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் நன்றாக இருக்கின்றன. காலனியம், இன அரசியல், கடன் நெருக்கடி என்று நமக்குப் பழக்கமான கேள்விகளையே வேறு கண்டத்தில் பார்க்கவைக்கின்றன.

எம்.பி.எஸ்.-002 கோட்பாட்டுப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்கெந்தாவின் ஆறு கொள்கைகள், வால்ட்ஸின் கட்டமைப்பு வாதம், தாராளவாதம், மார்க்சிய அணுகுமுறை, பெண்ணிய அணுகுமுறை எல்லாம் தேவையான அளவுக்கு இருக்கின்றன. சிக்கல் நடப்பு உலகத்தில். புத்தகத்தின் மூச்சு பனிப்போர் முடிந்த காலத்து மூச்சு. அதற்குப் பிந்தையதை மாணவர்தான் சேர்க்க வேண்டும். தனி நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்து, நிகழ்வுக்கு ஒரு பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தம், 2017-இல் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா அடங்கிய குவாட் மீண்டும் கூடியது, அதே ஆண்டு இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, 2019-இல் ஆர்.சி.இ.பி. வணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது, 2020 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது, 2020 ஜூன் கல்வான் மோதல், 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பு, அதே ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியது, 2024-இல் பிரிக்ஸ் விரிவானது. இந்த ஒன்பது பக்கம் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே, இதை யதார்த்தவாதி எப்படி விளக்குவார், தாராளவாதி எப்படி விளக்குவார் என்று மூன்று மூன்று வரி எழுதுங்கள். நாளிதழ்ச் செய்தியைக் கோட்பாட்டோடு கட்டத் தெரியாமல் செய்தியை மட்டும் கொட்டுவதுதான் இந்தத் தாளில் மதிப்பெண் போகும் முக்கியமான வழி.

இரண்டு துறைகளையும் சேர்த்துப் படிப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைக் காட்டலாம். சர்வதேச உறவுகள் மாணவருக்கு அது இரண்டு அரசுகள் போட்ட கணக்கு. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட ஏறக்குறைய 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சீனப் போருக்குப் பின் அண்டை நாடுகளோடு இணக்கம் தேடிய இந்தியாவின் நிலையை வைத்து இதை விளக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் இருந்த மனிதர்கள் யார், தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணி முறை அவர்களை எப்படிக் கொண்டுபோனது, தோட்டத்து லயன் அறைகளில் சாதி என்ன ஆனது, நீலகிரிக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரோடு வந்தவர்களைத் தாயகம் எப்படி நடத்தியது என்ற கேள்விகளை அந்தத் துறை கேட்காது, சமூகவியல் கேட்கும். மறுபுறம், சமூகவியல் மட்டும் படித்தவருக்கு அந்த எண்கள் டெல்லியிலும் கொழும்பிலும் ஏன் அப்படி முடிவாயின என்பது பிடிபடாது. எம்.பி.எஸ்.இ.-001, எம்.எஸ்.ஓ.இ.-002 ஆகிய இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

மொழி

தமிழ்நாட்டு மாணவருக்கு இதுதான் பெரிய தடை. விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. இந்த இரண்டு எம்.ஏ.வும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கின்றன. தமிழில் தேர்வு எழுத முடியாது. ஆங்கிலத்தில் எழுதுவது என்றால் அழகான ஆங்கிலம் தேவை என்று பொருளில்லை. சிறு சிறு வாக்கியங்களாகப் பிழையின்றி எழுதினால் போதும். ஆனால் கலைச்சொற்கள் துல்லியமாக இருக்க வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் விழும் குழிகள் சில உண்டு.

‘ஸ்டேட்’ என்றதும் நம் காதுக்கு மாநிலம் என்று கேட்கிறது. சர்வதேச உறவுகளில் அது இறையாண்மை உள்ள அரசு. ‘நேஷன்’ தேசம், ‘கவர்ன்மென்ட்’ அரசாங்கம், அதாவது இன்று ஆட்சியில் இருப்பவர்கள். இறையாண்மை அரசுகளின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1648 வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கை பற்றிய விடையில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினால், படித்தவர் புரிந்துதான் எழுதினாரா என்ற சந்தேகம் திருத்துபவருக்கு வந்துவிடும். அதேபோல ‘ரியலிசம்’. தமிழில் யதார்த்தவாதம் என்றதும் இலக்கியம் நினைவுக்கு வரும், உள்ளதை உள்ளபடி காட்டுவது. இந்தத் துறையில் அதற்கு வேறு பொருள்: அரசுகள் அதிகாரத்தையும் தாம் நிலைத்திருப்பதையும் முன்வைத்தே நடக்கின்றன, மேலே கேட்பதற்கு ஆள் இல்லை என்ற கோட்பாடு. சமூகவியலில் ‘ஏஜென்சி’ என்பது முகமை அல்ல. கட்டமைப்புக்குள் இருந்துகொண்டே மனிதர் தாமாகச் செயல்படும் திறன். ‘ஸ்டேட்டஸ்’ என்பது கௌரவம் மட்டும் அல்ல. சமூகத்தில் ஒருவர் வகிக்கும் நிலை. நோட்டில் மூன்று நெடுவரிசை போட்டு, ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், ஒரு வரி வரையறை என்று எழுதி வாருங்கள். ஒரு தாளுக்கு நாற்பது சொற்கள் தேறும். நான்கு தாளுக்கு 160. தேர்வுக்கு முந்தைய நாள் வேறு எதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் அந்த நோட்டு காப்பாற்றும்.

மதிப்பெண் கணக்கு

அசைன்மெண்டுக்கு 30 சதவீத எடை, ஆண்டிறுதித் தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாக 40 எடுக்க வேண்டும். அசைன்மெண்டில் 90 வாங்கிவிட்டுத் தேர்வில் 38 எடுத்தால் அந்தத் தாள் தேர்ச்சி இல்லை. இது தெரிந்தும் பலர் கவனிக்காத விஷயம் இன்னொன்று: 40 என்பது பட்டத்துக்கான கோடு மட்டுமே. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு எழுதப் பொதுப்பிரிவினருக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. எம்.ஏ. முடித்து, 52 சதவீதத்தோடு நின்று தவிப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

இங்கே அசைன்மெண்டின் அருமை தெரியும். அசைன்மெண்டில் 75 எடுத்தால் அதன் பங்கு 22.5. மொத்தம் 55 வர மீதி 32.5 தேவை, அதற்குத் தேர்வில் 47 எடுத்தால் போதும். அசைன்மெண்டில் 60 என்றால் தேர்வில் 53 எடுக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் விடையில் 15 மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டு, அதைத் தேர்வு அறையில் பிடிக்கப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. முடித்தபின் 55-க்கு இரண்டு சதவீதத்துக்குள் குறைந்திருந்தால், மேம்படுத்தித் தேர்வெழுத இக்னோ ஒரு வாய்ப்பு தருகிறது. அது கடைசிக் கயிறு, முதல் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அசைன்மெண்ட் கையால் எழுதப்பட வேண்டும். ஏ4 தாளில் ஒரு பக்கம் ஓரம் விட்டு, முதல் பக்கத்தில் பதிவு எண், படிப்புக் குறியீடு, தாள் குறியீடு, கல்வி மையக் குறியீடு நான்கும் இருக்க வேண்டும். முதலாண்டுத் தாள்களில் இரண்டு பிரிவுகளில் கேள்விகள் வரும். ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது இரண்டு எடுத்து, மொத்தம் ஐந்துக்கு, ஒவ்வொன்றும் சுமார் 500 சொல்லில் எழுத வேண்டும். ஜூலையில் சேர்ந்தவர்களுக்கு வழக்கமான கடைசி நாள் மார்ச் 31, ஜனவரியில் சேர்ந்தவர்களுக்கு செப்டம்பர் 30. நீட்டிப்பு அடிக்கடி வரும்; அதை நம்பி உட்காராதீர்கள். கெடுவது எங்கே என்றால், சென்ற பருவத்துக் கேள்வித்தாளை இறக்கி எழுதிவிடுவது. அந்த உழைப்பு முழுவதும் வீண். கேள்வித்தாளின் மேலே அச்சிட்டிருக்கும் பருவத்தை முதலில் பாருங்கள். கடையில் விற்கும் தயார் விடைகளைப் பார்த்து எழுதுவதும் வேண்டாம். நூறு பேர் ஒரே வாக்கியத்தை எழுதும்போது திருத்துபவருக்குத் தெரியாமல் போகாது. தவிர, தேர்வுக்குக் கிடைக்கும் ஒரே உண்மையான ஒத்திகை இந்த ஐந்து விடைகள்தான். கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மதிப்பெண் கிரேடு கார்டில் ஏறத் தாமதமானால் கேட்பதற்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

தேர்வு மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி, தலா 20 மதிப்பெண். கேள்வித்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் போனால் ஒரு விடைக்கு 34 நிமிடம். 500 சொல் என்பது சராசரிக் கையெழுத்தில் நான்கு பக்கம். பள்ளி, கல்லூரி விட்டுப் பல ஆண்டானவர்களுக்கு இங்கே தோற்பது மூளை அல்ல, கை. முதல் விடையை ஏழு பக்கம் எழுதிவிட்டு ஐந்தாவதை அரைப் பக்கத்தில் முடிப்பது வழக்கமாக நடக்கும் விபத்து. ஏழு பக்கத்துக்கும் 20-க்கு 13தான் வரும். அரைப் பக்கத்துக்கு 4 வரும். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் இரண்டு விடைகளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள்.

விடையின் உள்கட்டுமானத்துக்கு ஒரு நல்ல அளவு: கருத்தின் வரையறை ஐம்பது, அறுபது சொல், முக்கியச் சிந்தனையாளரின் வாதம் 150, அதற்கு வந்த மறுப்பு 120, இந்திய எடுத்துக்காட்டு 100, முடிவு ஐம்பது. மறுப்பை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று கேட்ட கேள்விக்குப் பாராட்டுரை எழுதிவிட்டு, எல்லாம் எழுதியும் பாதி மதிப்பெண்தான் வந்தது என்று வருந்துகிறார்கள். புத்தகத்தின் முன்பாதியை மட்டும் படித்துவிட்டுப் போனால் ‘ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு’ என்ற விதி காலை வாரிவிடும். ஒரு பிரிவிலேயே நான்கு எழுதினால் கூடுதல் விடை கணக்கில் வராது.

அலுவலக வேலைகள்

சேர்வதற்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் அடையாள எண்ணும் கிரெடிட் வங்கியான ஏ.பி.சி. எண்ணும் வேண்டும். இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில், தந்தை பெயர் முழுவதுமாக இன்னொன்றில் என்று இருக்கும். விண்ணப்பம் திரும்பி வர அதுவே காரணமாகிவிடும். ஆதாரை முதலில் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலாண்டுத் தேர்வு எழுதாவிட்டாலும், தேறாவிட்டாலும், இரண்டாம் ஆண்டுக்கு மறுபதிவு செய்துகொண்டே ஆக வேண்டும். அதை மறந்தால் இரண்டாம் ஆண்டுத் தாள்களுக்குத் தேர்வு விண்ணப்பமே போட முடியாது. ஒரு பருவம் போகும். தேர்வுக் கட்டணமும் தனி, அதற்குத் தனி விண்ணப்பமும் தனித் தேதியும் உண்டு. ‘படிப்புக் கட்டணம் கட்டியாயிற்றே’ என்று இருந்துவிடாதீர்கள்.

அச்சுப் புத்தகம் வேண்டாம், மின்வடிவம் போதும் என்றால் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி. திரையில் தொடர்ந்து படிக்கப் பழகியவர்கள் எடுக்கலாம். மற்றவர்களுக்கு அச்சே நல்லது. கோடு போட்டு, ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதிப் படிக்க வேண்டிய புத்தகங்கள் இவை. கல்வி மையத்தில் வார இறுதி ஆலோசனை வகுப்புகள் நடக்கும். கோட்பாட்டுத் தாள்களுக்கு வருகை கட்டாயமில்லை. முதல் இரண்டுக்குப் போய்ப் பாருங்கள். கேள்வி கேட்டுப் பேச இரண்டு சகமாணவர்கள் கிடைத்தாலே போன நேரத்துக்கு ஈடாகிவிடும்.

யாருக்கு இது சரிவராது

முனைவர் பட்டம்தான் இலக்கு, வேலையை விட்டுப் படிக்க வசதி இருக்கிறது என்றால் நேரடி வகுப்புக்குப் போங்கள். கருத்தரங்கில் தன் கட்டுரையை வைத்து அடி வாங்கிக் கற்பதும், ஆசிரியரோடு களத்துக்குப் போவதும் தபாலில் வராது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் சர்வதேச ஆய்வுகள் துறை இருக்கிறது, சமூகவியல் துறையும் இருக்கிறது. டெல்லியில் ஜே.என்.யூ.வின் சர்வதேச ஆய்வுகள் பள்ளி 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கியது. சார்க் நாடுகள் எட்டும் சேர்ந்து உருவாக்கி, 2010-இல் வகுப்புகள் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் சர்வதேச உறவுகளும் இரண்டும் உண்டு. இலங்கை, நேபாள, வங்கதேச மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து தெற்காசியாவைப் படிப்பது வேறு அனுபவம். அதன் வளாகமும் இக்னோவின் தலைமையகமும் டெல்லியின் மைதான் கடி என்ற ஒரே பகுதியில் இருக்கின்றன.

தமிழில்தான் எழுதுவேன் என்பவர்கள், 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கையேட்டை முதலில் பாருங்கள். எந்தப் பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்பதை நீங்கள் சேரும் பருவத்தின் கையேட்டிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உங்களுக்குப் பட்டம் தேவையில்லை, புத்தகம்தான் தேவை. சமூகவியல் விருப்பப் பாடத்தின் முதல் தாளுக்கு எம்.எஸ்.ஓ.-001, 002, இரண்டாம் தாளுக்கு 004. அரசியல் அறிவியல், சர்வதேச உறவுகள் விருப்பப் பாடத்தில் முதல் தாளுக்கு எம்.பி.எஸ்.-001, 003, இரண்டாம் தாளுக்கு எம்.பி.எஸ்.-002, 004, எம்.பி.எஸ்.இ.-001. தாளுக்கு 250 வீதம் 500 மதிப்பெண். அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மேலே சொன்ன மூன்று நெடுவரிசை நோட்டு அங்கேதான் முழுப் பலன் தரும்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் இரண்டு கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள்: எம்.எஸ்.ஓ.-004-இல் சாதி பற்றிய பகுதி, எம்.பி.எஸ்.-002-இன் முதல் பகுதி. இரண்டுக்கும் பத்துப் பத்து நாள் கொடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, 34 நிமிடத்தில் கையால் 500 சொல் எழுதுங்கள். எந்த விடையில் சொல்ல இன்னும் நிறைய இருந்து நேரம் போதாமல் போனதோ அந்தப் படிப்பில் சேருங்கள். ஜூலையில் சேர்ந்தால் முதல் தேர்வு அடுத்த ஜூனில் வரும், ஜனவரியில் சேர்ந்தால் அதே டிசம்பரில். பள்ளி ஆசிரியர்களுக்கு மார்ச், ஏப்ரல் முழுவதும் பொதுத்தேர்வு வேலையில் போய்விடும் என்பதால் அவர்களுக்கு ஜனவரிப் பருவமே தோது.